காத்துக்காரர் வீட்டுப் பின்னறை

பழைய வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் காத்துக்காரரைத் தெரியும். கையில் சாம்பல் நிறப் பெட்டி, தோளில் ஒரு பை, மூக்கில் பாதி இறங்கிய கண்ணாடி. வீட்டுக்குள் இருக்கிற காற்று மூச்சு விட லாயக்கானதுதானா என்று அளந்து சொல்வது அவர் உத்தியோகம். புது வீடுகள் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. எழுபது எண்பது வருஷத்து வீடுகள், ஏழெட்டுத் தடவை பெயிண்ட் ஏறிய சுவர்கள், யாரோ எப்போதோ செங்கல் வைத்து அடைத்த காற்றுத் துவாரங்கள், ஓதம் ஏறிப் பொரிந்த அடிச்சுவர்கள், இதெல்லாம்தான் அவர் ராஜ்யம். ஒரு வீட்டில் அவரைக் காத்து கருப்பு ஓட்ட வந்தவர் என்றே நினைத்துவிட்டார்கள். "சமையல்கட்டுல யாரோ நடக்கற மாதிரி சத்தம் கேக்குது, அதையும் சேத்துப் பாத்துடுங்க" என்றார்கள். அவர் கோபப்படவில்லை. எலி என்று குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

அவருக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். சோதனைக்கு முந்தின நாள் போன் பண்ணிப் படித்துப் படித்துச் சொல்வார். "அம்மா, நான் வர்றேன்னு வீட்டைக் கழுவி விடாதீங்க. தினமும் எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க." சரி சார், சரி சார் என்பார்கள். போனை வைத்த கையோடு பினாயில் பாட்டிலைத் திறப்பார்கள். ஒரு மனுஷன் வருகிறார், அதுவும் மெஷினோடு வருகிறார், வீடு குப்பையாகக் கிடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? தரை பூராவும் பினாயில், மூலைக்கு மூலை ரூம் ஸ்ப்ரே. மெஷினைக் கீழே வைத்த மாத்திரத்தில் அது சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அலறும். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் ஒரு படி மேலே போய் முன்னறைக்குப் புதுசாகப் பெயிண்டே அடித்து வைத்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட நின்றுகொண்டு, "எப்படி சார் நம்ம வீடு?" என்று கேட்டார். இவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன்" என்று பெட்டியை மூடினார்.

பன்னிரண்டு வருஷமாக இதே கூத்து. ஆனாலும் அவர் சொல்லுக்கு மரியாதை உண்டு. அவர் ரிப்போர்ட்டில் கடைசி வரி என்று ஒன்று இருக்கும். அதில் "இந்த அறை வசிக்கத் தகுதியற்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரரும் மறுநாளே கட்டிலைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவார். அந்த வரியின் பலம் அவருக்கு நன்றாகத் தெரியும். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் குடியிருப்பதும் பழைய வீடுதான். முன்னறை, படுக்கையறை, சமையலறை, பின்னறை. பின்னறையில் மச்சான் இருந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் குடியிருந்த கட்டிடத்தை இடித்தபோது, வேறு இடம் கிடைக்கும்வரை என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் காத்துக்காரருக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். மச்சான் குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், போட்டதைச் சாப்பிடுவார். ஆனால் காலையில் பேப்பர் வந்ததும் முதலில் அவர்தான் எடுப்பார். குறுக்கெழுத்தை முடித்துவிடுவார், அதுவும் பேனாவில். பேப்பரை மடிக்கும்போது நடுப்பக்கம் வெளியே வந்துவிடும். யாராவது வாசல்படியில் நின்றால் போதும், "உள்ள வாங்க, உள்ள வாங்க, வழியில நிக்காதீங்க" என்பார். சொந்த வீட்டுக்குள் நுழையும் காத்துக்காரரைப் பார்த்தும் அதையேதான் சொல்வார். பதினோரு வருஷம் தினசரி சாயங்காலம் ஒரு மனுஷனை அவன் வீட்டுக்குள்ளேயே வாங்க வாங்க என்று கூப்பிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்?

மனைவியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "உங்க சின்னத் தங்கச்சி வீடு புது வீடு. நல்லாக் காத்து வரும்."

"வரட்டும்" என்றாள் மனைவி. பேச்சு அதோடு முடிந்தது.

நேரே மச்சானிடம் போய்ச் சொல்லலாம். அதற்குத்தான் காத்துக்காரருக்கு வாய் வரவில்லை. ஊரார் வீட்டில் போய் உங்கள் சுவர் சரியில்லை, கூரை சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறவருக்கு, கிளம்புங்கள் என்ற ஒரு வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. தன் வாயால் சொல்ல முடியாததை மெஷின் சொல்லட்டுமே! பின்னறை அப்படியொன்றும் நல்ல அறையில்லை. ஓதம் இருக்கிறது, வாடை இருக்கிறது. முறைப்படி சோதனை வைத்து, கடைசி வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. யார்மேலும் பழியில்லை, சயின்ஸ் சொல்கிறது, நாம் என்ன செய்ய? இப்படிப்பட்ட புத்திசாலித்தனத்துக்குக் கோழைத்தனம் என்றும் ஒரு பெயருண்டு. அவர் அந்தப் பெயரை அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாளே மெஷின் பெட்டியைப் பின்னறையில் கொண்டுவந்து வைத்தார்.

"இது ஏழு நாள் இங்கயே இருக்கும் மச்சான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை காத்தை அளந்து தானா எழுதிக்கும். நீங்க பாட்டுக்கு எப்பவும் போல இருங்க."

மச்சான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினைச் சுற்றி வந்தார். "நம்ம ரூமுக்கா வச்சிருக்கீங்க? எதுக்கு மாப்ளை உங்களுக்கு சிரமம்?"

"சிரமம் ஒண்ணுமில்ல."

"இதை யாரு பாப்பாங்க?"

காத்துக்காரர் ஒரு நொடி தடுமாறினார். "ஆபீஸ்ல பாப்பாங்க" என்று ஒரு பொய்யைச் சொன்னார். அப்படிச் சொன்னால் கொஞ்சம் கெத்தாக இருக்கும், பிற்பாடு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அவர் கணக்கு.

"ஓ... ஆபீஸ்லயா" என்றார் மச்சான். அவர் முகம் சட்டென்று கவலையானது. காத்துக்காரர் அதைக் கவனித்தார், சந்தோஷப்பட்டார்.

இரண்டாம் நாள் காலை மச்சானின் கண் சிவந்திருந்தது. மூன்றாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினார். நான்காம் நாள் கன்னத்திலும் நெற்றியிலும் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது. ஐந்தாம் நாள் குறுக்கெழுத்தில் பாதியிலேயே பேனாவோடு தூங்கிவிட்டார்.

பார்க்கப் பார்க்கக் காத்துக்காரருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. "பாரு, உங்க அண்ணன் முகத்தைப் பாரு! காத்து சரியில்லன்னா இப்படித்தான் ஆகும். தோல்ல வரும், கண்ல வரும்" என்று மனைவியிடம் அடுக்கினார்.

"பதினோரு வருஷமா வராதது இப்ப மட்டும் எப்படி வருது?" என்றாள் அவள்.

"சேந்து சேந்து ஒரு நாள் வெடிக்கும்" என்றார் காத்துக்காரர், வைத்தியர் கணக்காக.

எட்டாம் நாள் மத்தியானம் மெஷினை எடுத்துவந்து முன்னறை மேஜையில் வைத்து, கம்ப்யூட்டரோடு இணைத்தார். ரிப்போர்ட் தாளில் தேதியெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தாயிற்று. கடைசி வரியைக்கூட எழுதியிருப்பார், தொழில் தர்மம் தடுத்துவிட்டது.

திரையில் கோடு வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மனிதன் மூச்சு விட விட அறைக்குள் கார்பன் டை ஆக்சைடு சேரும். வெளிக்காற்றில் அது பத்து லட்சம் பங்குக்கு நானூற்றுச் சொச்சம் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆள் படுத்தால், ராத்திரி முழுக்க ஏறிக்கொண்டே போய், விடிந்து கதவைத் திறந்ததும் இறங்கும். ஆயிரத்தைத் தாண்டினால் காற்று தேங்குகிறது என்று அர்த்தம், இரண்டாயிரத்தைத் தாண்டினால் தலை கனக்கும். குடும்பஸ்தர்கள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள், யார் எழுந்து போய் எதிரறையில் படுத்தார்கள் என்பதுவரை காத்துக்காரருக்கு இந்தக் கோடு சொல்லிவிடும். அவர்தான் வெளியே சொல்ல மாட்டார்.

பின்னறைக் கோடு ஏறவே இல்லை. நானூற்று முப்பது, நானூற்று நாற்பது, மறுபடி நானூற்று முப்பது. ஏழு ராத்திரியும் சவுக்குக் கம்பு மாதிரி நேராகக் கிடந்தது. ஆளே இல்லாத அறையின் கோடு அது.

"மச்சான்!"

மச்சான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்ன மாப்ளை, மார்க் எப்படி?"

"ராத்திரியெல்லாம் எங்க படுத்தீங்க?"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "மாடிப்படி வளைவுல" என்றார்.

"படியிலயா? ஏழு நாளுமா?"

"உக்காந்துக்கிட்டேதான். பஸ்ல தூங்கிப் பழக்கம்தானே. கொசுதான் கொஞ்சம்..." கன்னத்துத் தடிப்பைத் தடவிக்கொண்டார். "உங்க ஆபீஸ்ல பாப்பாங்கன்னு சொன்னீங்க. ஊருக்கெல்லாம் காத்துப் பாக்கற மனுஷன், அவரு வீட்டுக் காத்தே மட்டம்னு வந்தா உங்களுக்கு எவ்வளவு அசிங்கம்! நான் வயசானவன், என் மூச்சு பட்டு நம்பர் ஏறிடக் கூடாதுன்னு பாத்தேன். பகல்லயும் உள்ள போகல. ஃபேனைப் போட்டுக் கதவைத் தொறந்து வச்சுட்டேன். பினாயில் மட்டும் போடல மாப்ளை. அது கூடாதுன்னு நீங்க போன்ல சொல்றதைக் கேட்டிருக்கேன்."

இதைப் பெருமையாக வேறு சொன்னார்.

காத்துக்காரருக்கு உட்கார்ந்த நாற்காலி சுட்டது. வாழ்நாளில் எத்தனையோ பேர் அவர் சோதனையைக் கெடுத்திருக்கிறார்கள், பினாயிலால், ஸ்ப்ரேயால், பெயிண்டால். தன்னையே அறையிலிருந்து அப்புறப்படுத்திக் கெடுத்தவர் இவர் ஒருவர்தான். இந்த மனுஷனை விரட்டத்தான் மெஷினை வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? வெட்கமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது, ஆனால் அதற்குள் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"ஆபீஸ்ல எதுக்குங்க நம்ம வீட்டுப் பின்னறையைப் பாக்கணும்?" என்று கேட்டாள். அவர் மெஷின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன பெண்களுக்கு மெஷின் எதுவும் தேவைப்படுவதில்லை.

"திரும்ப வைங்க. இந்தத் தடவை அண்ணன் உள்ளதான் படுக்கணும். என்ன வருதோ வரட்டும், பாப்போம்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் காத்துக்காரர் நினைத்தார். சொன்னால் எதற்கு வேண்டாம் என்று கேட்பாள். மறுபடி வைத்தார், மூன்று நாளைக்கு. மச்சானுக்கு மூச்சு விடக் கண்டிப்பான உத்தரவு போடப்பட்டது. அப்படியும் முதல் நாள் காலையில், "கொஞ்சம் கம்மியாத்தான் விட்டேன் மாப்ளை" என்றார்.

"முழுசா விடுங்க மச்சான், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்!" என்று கத்தினார் காத்துக்காரர்.

நான்காம் நாள் கோடு வந்தது. இரண்டாயிரத்து அறுநூறு. ஈரப்பதம் எண்பத்தொன்று. பூஞ்சைக்காகச் சுவரில் ஒற்றி எடுத்த பஞ்சு கருகருவென்று இருந்தது. அந்த வருஷம் அவர் அளந்த படுக்கையறைகளிலேயே இதுதான் படுமட்டம். ஆசைப்பட்டது அப்படியே வந்திருக்கிறது. ஆனால் சந்தோஷத்தைக் காணோம். பதினோரு வருஷம் அந்தக் காற்றை ஒரு மனுஷன் குடித்திருக்கிறார், காத்துப் பார்க்கிறவன் வீட்டிலேயே!

"ரெண்டாயிரத்து அறுநூறுங்கறது நல்ல மார்க்கா?" என்று எட்டிப் பார்த்தார் மச்சான்.

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. வந்த எண்ணை மாற்ற அவருக்குக் கை வராது. கடைசி வரியை எழுதினார். கையெழுத்துப் போடும்போது பேனா கீறியது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு வந்தால் முன்னறையில் டிரங்குப் பெட்டி நிற்கிறது. பக்கத்தில் மச்சான், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. தாளைப் படித்துவிட்டார்.

"சின்னவகிட்டப் போன்ல சொல்லிட்டேன். நாலு மணிக்கு பஸ்" என்றார் மச்சான்.

"யாரு உங்களைப் போகச் சொன்னா?"

"நீங்க எழுதியிருக்கீங்களே! ஊர்ல அத்தனை பேரு உங்க எழுத்துக்குக் கட்டுப்படறாங்க. சொந்த மச்சான் மீறினேன்னா உங்க பேச்சுக்கு வெளியில என்ன மரியாதை? நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்." சிரித்தார். கொசு கடித்த தடிப்பு இன்னும் முழுசாக வாடவில்லை.

மனைவி சுவரில் சாய்ந்துகொண்டு புருஷன் முகத்தையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம். இதுதானே வேண்டும் என்று கேட்டாய், இந்தா வைத்துக்கொள் என்று யாரோ கையில் திணித்த மாதிரி இருந்தது காத்துக்காரருக்கு. மச்சான் குனிந்து பெட்டியின் பிடியைப் பிடித்தார்.

"இருங்க!" காத்துக்காரர் தாளைப் பிடுங்கினார். "என்ன படிச்சீங்க? கடைசி வரியை மட்டும் படிச்சா ஆச்சா? காரணம்னு ஒரு இடம் இருக்கு, அதை யாரு படிக்கறது?"

"அதுல ஒண்ணும் எழுதலையே" என்றார் மச்சான்.

உண்மைதான். எழுதவில்லை. அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டதும் இதுதான் முதல் தடவை. துண்டோடு பின்னறைக்குள் போய் நின்றார். மூன்று சுவரைப் பார்த்தார். நான்காவது சுவர் தெரியவில்லை, இரும்பு பீரோ மறைத்திருந்தது. பீரோ அவருடையது. ரிப்போர்ட் கட்டுகளை வைக்க அவரே வாங்கி, இடமில்லாமல் இந்தச் சுவரோரம் அவரே தள்ளி வைத்தது, மச்சான் வருவதற்கு முந்தின வருஷம். பீரோவுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் உண்டு. நல்ல பெரிய ஜன்னல். இதே காரியத்துக்காக இதுவரை எத்தனை வீட்டுக்காரர்களைக் கிழி கிழியென்று கிழித்திருப்பார்! "ஜன்னலை அடைச்சு பீரோ வச்சிருக்கீங்களே, மூளை இருக்கா?" என்று ஒரு வக்கீலிடமே கேட்டிருக்கிறார்.

"பெட்டியைக் கீழ வைங்க மச்சான்" என்றார். "காரணம் நான். எழுதிக்கங்க. வந்து ஒரு கை பிடிங்க."

மூன்று பேரும் தள்ளினார்கள். பீரோ அசையவில்லை. பன்னிரண்டு வருஷத்து ரிப்போர்ட், லேசில் நகருமா? கட்டுக் கட்டாக வெளியே எடுத்து வீசினார்கள். வாத்தியார் வீடு, வக்கீல் வீடு, எலி வீடு எல்லாம் தரையில் சிதறின. "உள்ள போங்க, உள்ள போங்க, இன்னும் கொஞ்சம்" என்று மச்சான் பீரோவுக்கே டிக்கெட் கொடுக்கிற மாதிரி சத்தம் போட்டார். பீரோ நகர்ந்தது. ஜன்னல் கதவு பெயிண்டில் ஒட்டிப் போயிருந்தது. காத்துக்காரர் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார், பிறகு தோளால் முட்டினார், பிறகு கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். அதற்குத்தான் திறந்தது.

பின்பக்கத் தெரு உள்ளே வந்துவிட்டது. வெளிச்சம், தூசி, சைக்கிள் மணி, எதிர்ச் சாரித் தையல்கடையின் மிஷின் சத்தம். மச்சான் ஜன்னலோரம் நின்று ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். முழுசாக. நாலு மணி பஸ் நாலு மணிக்குப் போய்விட்டது.

அந்த வாரமே காத்துக்காரர் சுவரைச் சுரண்டிப் பூஞ்சையை எடுத்து, சுண்ணாம்பு பூசி, மூன்றாம் முறை மெஷின் வைத்தார். எழுநூறு. மச்சான் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "பாஸா?" என்றார். பாஸ் என்றதும் சாப்பிட்டுவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போனார்.

அரை மணி நேரம் கழித்து யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். தையல்காரர், பின்னால் மருந்துக்கடைக்காரர், அவருக்கும் பின்னால் பக்கத்து மாடியில் டியூஷன் எடுக்கிற டீச்சர். இத்தனை வருஷம் இரும்பு பீரோவும் ஒரு மூட்டை ரிப்போர்ட்டும் அடக்கி வைத்திருந்த மச்சானின் குறட்டை, திறந்த ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிருந்தது.

"சார், என் மிஷின் ஓடுதா நின்னுடுச்சான்னே தெரியல" என்றார் தையல்காரர்.

"பசங்க கணக்கை விட்டுட்டு அதையே எண்ணிக்கிட்டு இருக்காங்க" என்றார் டீச்சர்.

மருந்துக்கடைக்காரர் சமாதானமாகப் பேசினார். "அந்த ஜன்னலை மட்டும் முன்ன மாதிரியே சாத்திட்டீங்கன்னா..."

காத்துக்காரர் வாசல்படியில் இறங்கினார். பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில் அவர் இப்படி ஒரு கோபத்தில் பேசியதில்லை.

"என்னது, சாத்தறதா? அவர் மூச்சு விடறார்யா! எங்க வீட்டு மனுஷன் எங்க வீட்ல மூச்சு விடறதுக்கு உங்ககிட்டப் பர்மிஷன் வாங்கணுமா? சத்தமாத்தான் விடுவார். இத்தனை வருஷம் விடாததையும் சேத்து விடுவார். பிடிக்கலன்னா உங்க ஜன்னலைச் சாத்துங்க, அப்புறம் மெஷினோட நான் வர்றேன், யாரு வீட்ல என்ன நம்பர் வருதுன்னு பாத்துருவோம்!"

மூன்று பேரும் பேச்சு மூச்சில்லாமல் திரும்பிப் போனார்கள். மெஷின் என்றதும் டீச்சர் மட்டும் கொஞ்சம் வேகமாகவே போனார், வீட்டில் பினாயில் இருக்கிறதா என்று பார்க்க.

சத்தத்தில் மச்சானுக்கு விழிப்பு தட்டிவிட்டது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "என்ன மாப்ளை, எங்கயாவது நம்பர் ஏறிடுச்சா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

"ஒண்ணும் ஏறல" என்றார் காத்துக்காரர். "நீங்க தூங்குங்க."